கேள்வி தீராத கோப்பு

போன வாரம் ஷோபா போன் பண்ணினாள். நான் ஓய்வு பெறும் முன் கடைசியாக வேலை பழக்கிவிட்ட பெண். இப்போது அவளே நாலு பேருக்குப் பழக்கும் இடத்தில் இருக்கிறாள்.

"சார், இப்பல்லாம் வெளிநாட்டுக்காரங்க தங்கறதுக்கு அனுமதி கேட்டா எல்லாமே கம்ப்யூட்டர்லதான். விண்ணப்பத்துல குறை இருந்தா அதுவே சிவப்பா காட்டிடும். நாம உக்காந்து கேள்வி எழுதற வேலையே இல்ல."

"எல்லாக் குறையையும் ஒரே தடவையில காட்டிடுதா?"

"ஒரே தடவையில."

"அய்யோ பாவம்."

"யாரு சார் பாவம்?"

போனில் சொல்ல ஆரம்பித்தால் அவளுக்குப் பஸ் போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா கொள்ளேகால் பக்கத்திலிருந்து மைசூருக்கு ரயில்வே வேலைக்கு வந்தவர். நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். யார் யாரை விட்டது என்பதில் வீட்டில் இரண்டு கருத்து உண்டு. அட்டெண்டராகச் சேர்ந்து, டைப்ரைட்டரைத் துடைக்கிற சாக்கில் டைப் அடிக்கப் பழகி, தேர்வு எழுதி குமாஸ்தா ஆனேன். இங்கிலீஷை முழுக்க முழுக்க விண்ணப்பப் படிவங்களிலிருந்து கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் எனக்கு அதில் கேள்விகள் சரளமாக வரும், பதில்கள்தான் வராது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டவரைப் பதிவு செய்யும் பிரிவில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

இந்தியாவில் ஆறு மாதத்துக்கு மேல் தங்க வருகிறவர் எங்களிடம் வந்து பதிவு செய்து, தங்கும் அனுமதி வாங்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே படிவம். நாலு நகல், நாலு போட்டோ. ஆனால் 'எந்த நாட்டுக் குடிமகன்' என்ற கட்டத்தில் எழுதும் ஒரு சொல்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும். மண்டி மொஹல்லாவில் ஒரு ஜவுளிக் கடைக்காரரின் மனைவி கராச்சியில் பிறந்து, பாகிஸ்தான் பாஸ்போர்ட்டோடு வந்தவர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டுமானால், காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்கு முன் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். அதே தெருவில் இரவுக் காவல் பார்த்த நேபாளக்காரருக்கு ஒரு தாளும் தேவையில்லை. அதுவே அவருக்குப் பெரிய மனக்குறை. ஒருநாள் நேராக வந்து சண்டை போட்டார்.

"எல்லாருக்கும் சீல் போட்டுத் தர்றீங்க, எனக்கு மட்டும் ஏன் இல்ல?"

"உங்களுக்கு வேண்டாம்பா, நீங்க நம்ம ஆளு மாதிரி" என்றேன்.

"அந்த மாதிரிக்கு ஒரு தாள் குடுங்க" என்றார்.

இப்படி யாராவது நல்ல பேச்சு பேசினால் கார்பன் பேப்பர் டப்பாவின் மூடியில் குறித்து வைத்துக்கொள்வேன். யோகா படிக்க வந்த ஜெர்மன்காரப் பெண்மணி ஒருவர் நாலாவது முறையாக வரிசையில் நின்றபோது சொன்னார்: "மூச்சை அடக்குவது எப்படி என்று குரு சொல்லித் தந்தார். எதற்காக என்று இங்கே வந்துதான் புரிந்தது." டப்பா மூடி நிறைந்துவிட்டால் புது டப்பா பிரிப்பேன். கார்பன் செலவு ஏன் அதிகம் என்று மேலிடம் கேட்டதற்கு இன்னும் பதில் போகவில்லை.

எங்கள் மேலதிகாரி புட்டசாமி சார். கன்னடக்காரர். அவர் என்னிடம் பேசியதெல்லாம் கன்னடம்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன். ஆனால் சில சொற்களை மட்டும் மாற்ற மனமில்லை. "ஆகுத்தே... ஆதரே..." என்பார். 'ஆகும், ஆனால்' என்று அர்த்தம். ஆகாது என்று யாரிடமும் சொன்னதில்லை. 'ஆதரே' சொல்லிவிட்டு, காதில் செருகிய பென்சிலை எடுப்பார். பாதி பிளேடால் அதைச் சீவுவார். சீவித் தள்ளியதைக் காகிதத்தில் கூட்டிக் குப்பைக்கூடையில் போடுவார். அதுவரை எதிரில் நிற்பவர் மூச்சு விடக் கூடாது. பிறகு போட்டோவைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, பென்சில் முனையால் காதுகளை எண்ணுவார். "ஒந்து... எரடு." இரண்டு காதும் தெரிந்தால்தான் அடுத்த பக்கம். கடைசியில் விண்ணப்பத்தின் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதி, கோப்பை என் பக்கம் தள்ளுவார்.

அவருடைய கேள்வியில் மாட்டாத நாடு இல்லை. ஆனால் மாணிக்கம் ஐயாவை அவர் படுத்திய பாடு போல் யாரையும் படுத்தியதில்லை என்று நான் நினைத்தேன். 

மாணிக்கம் ஐயா மலேசியாக்காரர். ரப்பர் தோட்டத்தில் தலைமைக் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கப்பிள்ளை, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்ததே அங்கேதான், அதனால் மலேசியப் பாஸ்போர்ட். மனைவி ருக்குமணியம்மா ஹனூர் பக்கத்துப் பெண். கல்யாணம் ஆகி அங்கே போனவர், இந்தியப் பாஸ்போர்ட்டை விடவே இல்லை. பிள்ளைகள் இல்லை. கடைசிக் காலத்துக்கு மைசூர் என்று அந்தம்மாவின் பெயரில் விஜயநகரில் ஒரு வீடு வாங்கிக் குடியேறியிருந்தார்கள். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் பொங்கித் தின்னும் இரண்டு பேரில் ஒருவர் சொந்த நாட்டுக்காரர், ஒருவர் அந்நியர்.

"முப்பது வருசம் அந்த ஊர்ல நான் பர்மிட்டுக்கு வரிசையில நின்னேனுங்க தம்பி" என்பார் ருக்குமணியம்மா. "இவரு வெளியில நெழல்ல நின்னு, ஆச்சா ஆச்சான்னு கேப்பாரு. ஏர்போர்ட்ல எறங்குன அன்னைக்குப் பாருங்க, நான் ரண்டு நிமிசத்துல வெளியே வந்துட்டேன். இவரு ஒண்ணரை மணி நேரம் கழிச்சு வந்தாரு. ஆச்சான்னு கேட்டேன் பாருங்க, அந்த ஒரு கேள்விக்குத்தான் முப்பது வருசம் காத்திருந்தேன்."

ஐயாவைப் பற்றிச் சொன்னால் முதலில் மீசையைச் சொல்ல வேண்டும். வெள்ளை மீசை. இரண்டு முனையும் காதைப் பார்த்துக் கிளம்பி, பாதி வழியில் சுருண்டு நின்றுவிடும். இரண்டாவது, கையெழுத்து. அச்சடித்தது போல இருக்கும். மூன்றாவது, "முப்பத்தொரு வருசத்துல ஒரு கட்டத்தைக் காலியா விட்டவன் இல்ல நான்" என்ற பெருமை. ஆபீசுக்குள் வரும்போதே "பசியாறியாச்சா தம்பி?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார். காலைச் சாப்பாடு ஆச்சா என்பதை அந்த ஊரில் அப்படித்தான் கேட்பார்களாம்.

தங்கும் அனுமதியை நீட்டிக்க அவர் விண்ணப்பம் கொடுத்தபோது ஒரு சிக்கல் இருந்தது. அவருடைய பாஸ்போர்ட் காலம் முடிந்து, புதுப்பிக்கப் போயிருந்தது. பிறந்த தோட்டத்துப் பதிவேட்டைக் கறையான் தின்றுவிட்டதால், வேறு ஆதாரம் தேடிப் பார்த்துத்தான் புதியது வரும் என்று பதில் வந்திருந்தது. எவ்வளவு நாளாகும் என்று யாருக்கும் தெரியாது. அனுமதி கிடைக்காவிட்டால் நாட்டை விட்டுக் கிளம்பச் சொல்லி நோட்டீஸ் போகும். ருக்குமணியம்மாவுக்குக் கடுமையான சர்க்கரை நோய், கண் பார்வையும் மங்கல். தினம் காலையில் ஊசி போடுவது ஐயாதான். எத்தனை மணிக்கு, எவ்வளவு மருந்து என்று அதற்கும் கோடு போட்ட நோட்டு வைத்திருந்தார்.

புட்டசாமி சார் அந்த விண்ணப்பத்தைப் படித்தார். பென்சில் சீவினார். "ஆகுத்தே... ஆதரே..."

முதல் கேள்வி: போட்டோவில் வலது காது சரியாகத் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து ஐயா வேறு போட்டோ கொடுத்தார். இரண்டாவது கேள்வி: வீடு மனைவி பெயரில் இருப்பதால், வீட்டுச் சொந்தக்காரர் என்ற முறையில், குடியிருப்பவரின் நடத்தை பற்றி மனைவி கடிதம் தர வேண்டும். ருக்குமணியம்மா சொல்லச் சொல்ல ஐயாவே தன் அச்செழுத்தில் எழுதிக் கொடுத்தார்: 'மேற்படி நபர் முப்பத்தெட்டு ஆண்டுகளாக என்னுடன் வசிக்கிறார். நடத்தை பரவாயில்லை.' சார் அதற்கும் ஒரு கேள்வி போட்டார்: 'பரவாயில்லை என்றால் என்ன பொருள்? விளக்குக.' பிறகு வீட்டுக்கும் காவல் நிலையத்துக்கும் உள்ள தூரம். பிறகு தோட்டத்துக் கோயிலில் நடந்த கல்யாணத்துக்குச் சாட்சி. இப்படியே மாதங்கள் ஓடின. ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு கேள்விதான். ஒன்றுக்குப் பதில் வந்தால்தான் அடுத்தது முளைக்கும்.

எனக்குப் பொறுக்கவில்லை. தமிழர் ஒருவர், அதுவும் வயதானவர், பஸ் ஏறி ஏறி வருகிறார். இந்த மனுஷனுக்கு ஈவிரக்கம் இல்லையா? இத்தனை கேட்டவர், பாஸ்போர்ட் எங்கே என்று மட்டும் கேட்கவே இல்லை. அதுகூடக் கவனத்தில் இல்லை, என்ன அதிகாரி இவர் என்று மனசுக்குள் கறுவினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் லூனா மொபெட்டை எடுத்துக்கொண்டு விஜயநகர் போனேன். இனி எந்தக் கேள்வியும் எழ வழியில்லாமல் செய்துவிடுவோம் என்று ஐயாவிடம் சொன்னேன். அவருக்கு என்னைப் போல் ஓர் ஆள் கிடைத்தது கொண்டாட்டம். நாலு ஞாயிறு உட்கார்ந்தோம். அந்தம்மா உள்ளறையில் கண் மருந்து விட்டுப் படுத்திருப்பார். எங்கள் வேலையை அவர் கவனிக்கவில்லை. கேட்டது, கேட்காதது, இனிமேல் கேட்கக்கூடியது எல்லாவற்றுக்கும் தாள் சேர்த்தோம். நடத்தைக்கு அக்கம்பக்கத்தார் மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கினோம். முன்னால் ஓர் அட்டவணை, ஓரத்தில் எண் போட்ட சீட்டு, சிவப்பு நாடா. என் உத்தியோக வாழ்க்கையில் அவ்வளவு அழகான கோப்பை நான் கட்டியதில்லை. 

ஒரு புதன்கிழமை காலை அதைப் புட்டசாமி சார் மேஜையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். காதை எண்ணினார். இரண்டும் இருந்தன. மறுபடி முதலிலிருந்து புரட்டினார். பென்சிலை எடுத்தார், சீவவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"இதை இப்படி முடிச்சது யாரு?"

"நான்தான் சார்."

"ரொம்ப சந்தோஷம்ரீ செல்வராஜ். அந்த மனுஷனை நாடு கடத்திட்டீங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் வாரா வாரம் மேலே போகும் நிலுவைப் பட்டியலை இழுத்து என் முன்னால் போட்டார். நானே டைப் அடித்து அனுப்பும் பட்டியல். இரண்டு பத்தி. 'விண்ணப்பதாரரிடம் நிலுவை' ஒன்று, 'அலுவலகத்தில் நிலுவை' இன்னொன்று.

"கேள்வி போட்டா கோப்பு எந்தப் பத்தியில இருக்கும்?"

"விண்ணப்பதாரர் பத்தியில சார்."

"அங்க இருக்கறதை யாராவது ஏன்னு கேட்டிருக்காங்களா?"

"இல்ல சார்."

"அங்க இருக்கற வரைக்கும் ஆளை வெளியே போன்னு யாராவது சொல்ல முடியுமா?"

"முடியாது சார்."

"இப்ப கேள்வி இல்ல. கோப்பு நம்ம பத்திக்கு வந்தாச்சு. வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி மேஜைக்குப் போகணும். அவர் புதுசு, சின்ன வயசு, விதியைத்தான் பார்ப்பார். முதல்ல எதைப் பார்ப்பார்?"

"பாஸ்போர்ட்டை."

"நான் ஏழு மாசமா எதைக் கேட்கவே இல்ல?"

நான் தரையைப் பார்த்தேன். தரை அன்றைக்கு ரொம்பச் சுத்தமாக இருந்தது.

"நான் யாருக்கும் எதுவும் சொல்றதில்ல" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார் சார். "கேள்வி மட்டும் கேட்பேன். அதுவும் நியாயமான கேள்வியா இருக்கணும். உங்க கோப்புல அதுக்கு ஊசி முனை இடம் இல்ல. ரெண்டு நாள் இருக்கு. போங்க."

அன்று பூராவும் நான் கட்டிய கோப்பிலேயே ஓட்டை தேடினேன். கிராணியும் குமாஸ்தாவும் சேர்ந்து அடைத்த ஓட்டை, எங்கே திறக்கும்? வியாழக்கிழமை காலை அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு விஜயநகர் போய், நடந்ததைச் சொன்னேன்.

ஐயா நாற்காலியில் நிமிர்ந்தார். "எல்லாம் சரியா இருக்குறது ஒரு தப்பா தம்பி?"

படுத்திருந்த ருக்குமணியம்மா எழுந்து உட்கார்ந்துகொண்டார். "எல்லாத்துக்கும் பதில் எழுதிக் குடுத்துட்டீங்களா? அத்தனைக்குமா? ஏனுங்க தம்பி, ஒரு வார்த்தை என்னைக் கேக்கக் கூடாதா? அந்த ஊர்ல ஒரு ஆபீசரு, ஒரு வருசம் எனக்குச் சரியான தாளு இல்லாதப்ப, எங்கம்மா வயசு என்னன்னு மூணு தடவை கேட்டு அனுப்பிச்சாரு. நான் மூணு தடவையும் வேற வேற வயசு சொன்னேன். தாளு வந்ததும் நாலாந் தடவை கேக்கவே இல்ல. அந்த மகராசன் நல்லா இருக்கோணும். இந்த மனுசன் இருக்காரே, வெளியே நெழல்ல நின்னவருதானே, இவருக்கென்ன தெரியும்!"

"நான் பொய் எழுத மாட்டேன்" என்றார் ஐயா.

"எழுத வேண்டாம்." அந்தம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு கணவரின் முகத்தையே பார்த்தார். நான் கொண்டுபோயிருந்த போட்டோவை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார். "தம்பி, ஆளும் போட்டோவும் வேற வேறயா இருந்தா அந்த சாரு கேள்வி கேப்பாருங்களா?"

"கேட்டே ஆகணும்மா."

"அப்ப மீசையை எடுத்துருங்க."

ஐயா இரண்டு கையாலும் மீசையை மூடிக்கொண்டார்.

"அதுக்கு நான் மலேசியாவுக்கே போயிடுவேன்" என்றார் ஐயா.

"போங்க. பாஸ்போர்ட்டு எங்க?"

"ருக்கு, நாப்பது வருசத்து மீசை. துரையே எழுந்து நின்னு பேசின மீசை."

"துரையா வந்து நாளைக்குக் காலையில எனக்கு ஊசி போடுவாரு?"

ஐயா எழுந்தார். அலமாரிக்குப் போய், அந்தக் கோடு போட்ட நோட்டை எடுத்து, அன்றைய தேதிக்கு நேரே ஏற்கெனவே போட்டிருந்த டிக்கை ஒருமுறை பார்த்தார். மூடி வைத்தார். செருப்பைத் தேடினார். "உங்க வண்டி ரெண்டு பேரைத் தாங்குமா தம்பி?" என்றார்.

மண்டி மொஹல்லாவில் எனக்குப் பழக்கமான சலூனுக்குக் கூட்டிப் போனேன். லூனா மேட்டில் தாங்கவில்லை. ஓர் இடத்தில் ஐயா இறங்கி நடந்தார். சலூன்காரர் மீசையைப் பார்த்து மலைத்து, "ட்ரிம் பண்ணட்டுமா சார்?" என்றார்.

"முழுசா எடுத்துரு."

சலூன்காரர் முகம் மாறியது. கத்திரியைக் கீழே வைத்துவிட்டு ரேடியோவை நிறுத்தினார். "அடடா... யாரு சார் தவறிட்டாங்க? அப்பாவா?" என்று தணிந்த குரலில் கேட்டார். எங்கள் பக்கத்தில் மீசையை மழித்தால் வீட்டில் சாவு என்றுதான் அர்த்தம். எழுபதை நெருங்கும் மனுஷனுக்கு அப்பா இருந்திருந்தால் என்ன வயசு என்று அவர் யோசிக்கவில்லை. ஐயாவும் சட்டென்று பதில் சொல்லத் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டார். அது துக்கத்தை உறுதி செய்துவிட்டது. காத்திருந்த மூன்று பேரும் எழுந்து நின்றார்கள்.

அதோடு முடியவில்லை. விஜயநகர் திரும்பி வண்டியை நிறுத்தினால் பக்கத்து வீட்டம்மா வழித்த முகத்தைப் பார்த்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு ஓடி வந்தார். ருக்குமணியம்மா வாசலுக்கு வந்து, தான் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டியதாயிற்று. ஆனாலும் சாயங்காலத்துக்குள் இரண்டு வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்துவிட்டன. "சமைக்கற வேலை மிச்சம், வாங்கி வைங்க" என்றாராம் அந்தம்மா.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் திறந்ததும் ஐயா வந்து நின்றார். முகம் பாதியாகி, மேலுதடு குளிர்ந்து போனது போல அடிக்கடி தடவிக்கொண்டார். அந்தக் கம்பீரமான குரல் மட்டும், பொருந்தாத முகத்திலிருந்து வந்தது. "சார், பசியாறியாச்சா?"

புட்டசாமி சார் நிமிர்ந்தார். அவரும் ஒரு கணம் ஏமாந்தார், நாற்காலியை விட்டு எழுந்து, "யாரு போனது?" என்றார்.

"மீசைதான் சார்" என்றார் ஐயா.

சார் மெல்ல உட்கார்ந்தார். போட்டோவை எடுத்துக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். முகத்தைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார். காதிலிருந்து பென்சில் வந்தது. பிளேடு வந்தது. அந்தப் பென்சில் சீவும் சத்தம் அன்றைக்கு எனக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்தது.

"ஆகுத்தே..." என்றார். "ஆதரே..."

நானும் ஐயாவும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

கேள்வி இதுதான்: 'போட்டோவில் இருப்பவரும் நேரில் வந்தவரும் ஒருவர்தானா? வீட்டுச் சொந்தக்காரரின் கடிதத்துடன் நிரூபிக்க.' நியாயமான கேள்வி. கோப்பு அன்றே விண்ணப்பதாரர் பத்திக்குத் திரும்பியது. வீட்டுச் சொந்தக்காரர் அவசரமே படவில்லை. ஒரு மாதம் கழித்து வந்த கடிதத்தில், 'எனக்குப் பார்வை மங்கல் என்பதால் முகத்தை வைத்துச் சொல்ல இயலவில்லை. ஊசி போடும் கையை வைத்துச் சொல்வதானால் அதே ஆள்தான்' என்று இருந்தது. சார் அதன் ஓரத்திலும் ஒரு கேள்வி எழுதினார், நான் அதை டப்பா மூடியில் எழுதிக்கொண்டேன்.

பதினோராம் மாதம் புது பாஸ்போர்ட் வந்தது. ஐயா ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவந்தார். சார் திறந்து பார்த்தார். பழைய போட்டோ, பெரிய மீசை. கேள்வி உயிரோடு இருக்கட்டும் என்று அதுவரை வாரா வாரம் மழித்து வந்த ஐயாவின் உதட்டுக்கு மேல் அரை அங்குலம் கூட இல்லை.

"ஆதரே..." என்றார் சார். பிறகு பென்சிலைத் தொடாமலே சிரித்துவிட்டார். அவர் பல்லை அன்றுதான் பார்த்தேன். "வளரட்டும். அவசரமில்ல."

வளர்ந்து வந்த நாளில் காதை எண்ணினார், "ஒந்து, எரடு." பென்சில் அப்படியே நகர்ந்து மீசையின் இரண்டு முனையையும் எண்ணியது. சீல் விழுந்தது.

அனுமதி ஒரு வருடத்துக்குத்தான். அடுத்த ஆண்டு நீட்டிப்புக்கு ஐயா வந்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. பாஸ்போர்ட்டுக்கு உயிர் இருந்தது, போட்டோவும் ஆளும் ஒன்றாக இருந்தார்கள், அதே அச்செழுத்து. சார் படிவத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர், மூன்றாம் பக்கத்தில் நின்றார்.

"ஏன்ரீ, இந்தக் கட்டம் காலியா இருக்கே?"

முப்பத்தொரு வருடத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விடாத தலைமைக் கிராணி மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"இருக்கட்டும் சார்" என்றார். "உங்களுக்குத் தேவைப்படும்."